ஏ5 ரோடு எட்ஜ்வேரைத் தாண்டி எங்கே காணாமல் போகிறது?

கே.ஆர்.புரம் சுந்தர்:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் ஒரு பொதுத்துறை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அடுத்த மாதம் மனைவியோடு மகன் வீட்டுக்குக் கிளம்புகிறேன், மூன்று மாதம் இருப்போம். அவன் இருப்பது இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ். "ஃபோனில் மேப் இருக்கிறதே அப்பா, எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?" என்கிறான். எனக்கு ஒரு ஊருக்குப் போகுமுன் அந்த ஊர் ரோடெல்லாம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரிந்தாக வேண்டும். சின்ன வயதிலிருந்தே இந்த வியாதி.

இரண்டு ராத்திரியாக ஒரு ரோட்டோடு மல்லுக்கட்டுகிறேன். பெயர் ஏ5. லண்டனில் மார்பிள் ஆர்ச் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. அங்கே அதற்கு எட்ஜ்வேர் ரோடு என்று பெயர். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வடமேற்கே போகிறது. எட்ஜ்வேர் தாண்டினால் ஆளைக் காணோம். அதே திசையில் ஏ5183 என்று வேறு ஒரு நம்பர். டன்ஸ்டபிள் ஊருக்கு வடக்கே பார்த்தால் மறுபடி ஏ5 வந்து நிற்கிறது. மில்டன் கீன்ஸ் வழியாகப் போய், வேல்ஸ் மலைகளுக்குள் புகுந்து, கடைசியில் ஹோலிஹெட் துறைமுகத்தில் கடலைப் பார்த்து முடிகிறது.

நடுவில் ஏன் அறுந்தது? அப்புறம், ஒரு இடத்தில் இது ரோமானியர் போட்ட ரோடு என்று படித்தேன். இன்னொரு இடத்தில் தாமஸ் டெல்ஃபோர்ட் என்ற எஞ்சினியர் போட்டது என்றிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 1,700 வருஷத்துக்கு மேல் இடைவெளி. யார் சொல்வது சரி? பக்கத்திலேயே எம்1 மோட்டார்வே இருக்கும்போது இதில் யாராவது போகிறார்களா? மகனை ஒரு சனி, ஞாயிறு இழுத்துக்கொண்டு ஹோலிஹெட் வரை போய்வர ஆசை. மெனக்கெடுவதற்குத் தகுமா?

நம்ம ஓல்டு மெட்ராஸ் ரோட்டுக்கும் நம்பர் மாறிவிட்டது. 75 என்று ஆகி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் எங்கள் ஏரியாவில் 'என்.எச். நாலு' என்றுதான் வழி சொல்கிறோம். அது மாதிரி கதை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.


இந்திராநகர் பாலா:

சார், சுருக்கமாக. ஹோலிஹெட் போய்ச் சேர்வதுதான் நோக்கம் என்றால் எம்1, எம்6, ஏ55 என்று போங்கள். நாலு மணி நேரம் சொச்சம். ஏ5 வழியாகப் போனால் ரவுண்டானா மேல் ரவுண்டானா, வேல்ஸில் ஏதாவது ஒரு ட்ராக்டர் பின்னால் அரை மணி நேரம்.

நம் ஊர் லைசென்ஸ் வைத்து அங்கே 12 மாதம் வரை ஓட்டலாம். இடது பக்கம்தான், அதனால் பயமில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: வேல்ஸில் 2023 செப்டம்பரிலிருந்து ஊருக்குள் பொதுவாக 20 மைல் வேகம்தான், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர். கேமரா இருக்கும். சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் பழகின நமக்கு 32 என்பதே பறக்கிற மாதிரிதான், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.


அல்சூர் ராஜி:

பாலா சொல்வது போய்ச் சேருவதற்கு. சுந்தர் சார் கேட்பது ரோட்டைப் பற்றி. நான் ரோடு வேலையில் 31 வருஷம் இருந்தவள். 2016ல் மகள் பர்மிங்ஹாமில் இருந்தபோது அவளை நச்சரித்து லீவு போட வைத்து இந்த ஏ5ல் போனேன். அதனால் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் போட்டது என்றால், இரண்டு பேரும்தான். ஆளுக்கொரு துண்டு. லண்டனிலிருந்து ஷ்ரூஸ்பரி பக்கம் வரை பெரும்பாலும் ரோமானியர் இழுத்த கோடு. அங்கிருந்து ஹோலிஹெட் வரை டெல்ஃபோர்ட். 1920களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ரோடுகளுக்கு நம்பர் கொடுத்தபோது இரண்டையும் ஒரே நூலில் கோத்து ஏ5 ஆக்கிவிட்டார்கள். டெல்ஃபோர்ட் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். அவர் காலத்து ஹோலிஹெட் ரோடு வீடன் என்ற இடத்தில் ரோமன் ரோட்டை விட்டு விலகி, கவென்ட்ரி, பர்மிங்ஹாம், வுல்வர்ஹாம்ப்டன் என்று சுற்றிக்கொண்டு ஷ்ரூஸ்பரி வந்தது. நம்பர் கொடுத்தவர்கள் அந்தச் சுற்றை விட்டுவிட்டு நடுவில் ரோமன் நேர்கோட்டையே பிடித்துக்கொண்டார்கள்.

ரோமன் பகுதிக்குப் பெயர் வாட்லிங் ஸ்ட்ரீட். இந்தப் பெயர் ரோமானியர் வைத்ததில்லை. பிற்பாடு செயின்ட் ஆல்பன்ஸ் பக்கம் குடியிருந்த ஒரு சாக்ஸன் கூட்டத்தாரின் பெயரிலிருந்து ஒட்டிக்கொண்டது. கி.பி. 43ல் படையெடுத்து வந்த பிறகு, கெண்ட் கரையிலிருந்து லண்டன் வழியாக ஷ்ரூஸ்பரிக்குப் பக்கத்தில் வ்ராக்ஸ்டர் வரை போட்டார்கள். வ்ராக்ஸ்டரில் பழைய குளியல் மண்டபத்துச் சுவர் ஒன்று வயல்வெளிக்கு நடுவில் இன்னும் தனியாக நிற்கிறது. படை நடக்கப் போட்ட ரோடு, அதனால்தான் அந்த நேர். மேடு வந்தால் நேரே ஏறி நேரே இறங்கும். மாட்டு வண்டிக்காரனைக் கேட்டுப் போட்டதில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது எல்லைக் கதை. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆல்ஃபிரெட் மன்னரும் டேனியர் தலைவன் குத்ரமும் நாட்டைப் பங்கு போட்டபோது, கோட்டின் ஒரு பகுதியாக இந்த ரோட்டையே வைத்துக்கொண்டார்கள். ஆறு, மலை மாதிரி ரோடும் ஒரு எல்லை. இன்றைக்கும் வாரிக்ஷயருக்கும் லெஸ்டர்ஷயருக்கும் நடுவில் பல மைல் தூரம் ஏ5தான் எல்லை. என் மகள் ஓட்டிக்கொண்டிருந்தாள். "இடது பக்கம் ஒரு ஜில்லா, எதிரே லாரி வருகிற பக்கம் இன்னொரு ஜில்லா" என்றேன். "அம்மா, ரவுண்டானா வருது, பேசாம இரு" என்றாள்.

உங்கள் மில்டன் கீன்ஸுக்கு வருகிறேன். அங்கே பெரிய ரோடுகளெல்லாம் கட்டம் போட்ட மாதிரி இருக்கும். மேலும் கீழுமாகப் போவது வி, குறுக்கே போவது எச் என்று நம்பர் வைத்திருப்பார்கள். அதில் 'வி4 வாட்லிங் ஸ்ட்ரீட்' என்று போர்டு பார்த்தால் காரை ஓரம் கட்டச் சொல்லுங்கள். அதுதான் பழைய ஏ5. இப்போது ஏ5 என்று ஓடுவது அதற்குக் கிழக்கே பின்னால் போட்ட இரட்டை வழிச்சாலை. வி4ல் வடக்கே போனால் ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபோர்ட். பழைய ரோடு ஆற்றைக் கடக்கும் கல் பாவிய துறை என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். கோச்சு வண்டிக் காலத்துச் சத்திரங்கள் இரண்டு அங்கே இருக்கின்றன, ஒன்று 'சேவல்', ஒன்று 'காளை'. இந்தச் சத்திரத்துப் பயணியும் அந்தச் சத்திரத்துப் பயணியும் அளந்த கதைகளிலிருந்துதான் 'சேவல் காளைக் கதை' என்று ஆங்கிலத்தில் கட்டுக்கதைக்குப் பெயர் வந்தது என்பார்கள். அதுவே ஒரு சேவல் காளைக் கதையாக இருக்கலாம்.

ரோடு அறுந்த விஷயம். எம்1ன் முதல் பகுதி 1959 நவம்பர் 2ஆம் தேதி திறந்தது. அது ஏ5ஐ ஒட்டியே ஓடுகிறது. தூரப் பயண வண்டிகள் அங்கே போய்விட்டால், எட்ஜ்வேரிலிருந்து செயின்ட் ஆல்பன்ஸ் வழியாக வரும் பழைய ரோடு எதற்கு ட்ரங்க் ரோடாக இருக்க வேண்டும்? உள்ளூர் ரோடாக இறக்கி ஏ5183 என்று நம்பர் கொடுத்துவிட்டார்கள். டன்ஸ்டபிளில் இது நடந்தது சமீபத்தில்தான். 2017ல் ஊருக்கு வடக்கே ஏ5ஐ எம்1ன் 11ஏ சந்திப்போடு இணைத்துப் புது ரோடு போட்டார்கள். அதோடு டன்ஸ்டபிள் கடைவீதியும் ஏ5 என்ற பெயரை இழந்தது. ஆக லண்டனுக்குள் மிச்சமிருக்கும் ஏ5 ஒரு வால் துண்டு மாதிரி. பெயர் பழக்கத்தில் நிற்கிறது, ரோடு எம்1 வழியாக வந்து சேர்கிறது.

இன்னும் வடக்கே வாட்ஃபோர்ட் கேப் என்று ஒரு தாழ்வான கணவாய். லண்டன் பக்கத்து வாட்ஃபோர்ட் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். ரோமானியர் அந்த இடுக்கைக் கண்டுபிடித்தார்கள். பிறகு கிராண்ட் யூனியன் கால்வாய் அதில் நுழைந்தது, பிறகு ரயில், பிறகு எம்1. நாலும் சில நூறு மீட்டருக்குள் நெருக்கியடித்துப் போகின்றன. நல்ல வழி இருந்தால் எல்லோருக்கும் அதுவேதான் வழி.

சரி, டெல்ஃபோர்ட். இந்த ரோடு ஏன் ஹோலிஹெட்டுக்குப் போக வேண்டும்? 1801 ஜனவரி 1 முதல் அயர்லாந்தின் பாராளுமன்றம் கலைக்கப்பட்டு, ஐரிஷ் உறுப்பினர்கள் 100 பேர் லண்டனுக்கு வந்து உட்கார வேண்டியதாயிற்று. டப்ளினிலிருந்து கப்பலில் ஹோலிஹெட், அங்கிருந்து வேல்ஸ் மலைப்பாதை. வண்டி குடை சாயும், குதிரை கால் ஒடியும். தபாலும் அதே பாதைதான். ஹென்றி பார்னெல் என்ற ஐரிஷ் உறுப்பினர் விடாமல் நச்சரித்ததில் 1815ல் வேலைக்குச் சட்டமும் பணமும் வந்தன. ரோமானியருக்குப் பிறகு பிரிட்டனில் அரசாங்கமே பணம் போட்டு இவ்வளவு பெரிய ரோடு போட்டது இதுதான் முதல் தடவை என்பார்கள். எம்.பி.க்கள் தினமும் போகும் ரோடு என்றால் எங்கேயும் சீக்கிரம் தார் விழும்.

டெல்ஃபோர்ட் ஆடு மேய்ப்பவரின் மகன், கொத்தனாராகத் தொடங்கியவர். மலைக்குள் ரோடு போட்டவர் தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார்: ஏற்றம் 20க்கு 1ஐத் தாண்டக் கூடாது, அதாவது 20 அடி போனால் 1 அடிக்கு மேல் ஏறக் கூடாது. எங்கள் இண்டியன் ரோட்ஸ் காங்கிரஸ் கையேட்டில் மலைப்பகுதிக்குச் சொல்லியிருக்கும் ரூலிங் கிரேடியன்ட்டும் (வழக்கமாகத் தாண்டக் கூடாத ஏற்றம்) அதே 20க்கு 1தான். நான்ட் ஃப்ராங்கன் பள்ளத்தாக்கில் மலை செங்குத்தாக நிற்கிறது. ரோடு மட்டும் விளிம்பில் சாவதானமாக இறங்குகிறது, காரில் பிரேக்கைத் தொடவே வேண்டாம். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று என் மகள் இன்னமும் எல்லோரிடமும் சொல்வாள்.

இன்னொன்றையும் எழுதாமல் விட மனசில்லை. என் அப்பா ரோடு வேலையில் கல் அடுக்கும் மேஸ்திரி. தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து, ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஹொஸ்கோட்டே தாண்டிக் கூடாரம் போட்டுத் தங்கி சோலிங் வேலை, அதாவது ரோட்டுக்கு அடியில் பெரிய கல் அடுக்கும் வேலை, செய்தவர். "அகல முகம் கீழே, கூர்முனை மேலே, இடுக்கில் சில்லு வைத்து அடி" என்று ஆட்களிடம் சொல்வார். நான் காலேஜில் எஞ்சினியரிங் படிக்கும்போது டெல்ஃபோர்ட் எழுதிய வேலை விவரம் பாடத்தில் வந்தது: பெரிய கற்களைக் கையால், அகலமான முகம் கீழே வருமாறு நிறுத்தி, இடுக்குகளில் சில்லு அடித்து இறுக்க வேண்டும், நடு ரோட்டில் 7 அங்குலக் கனம், அதன் மேல் 6 அங்குலம் உடைத்த ஜல்லி. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "இதை எழுதி வேற வச்சிருக்கானா?" என்றார்.

மெக்காடம் என்று பெயர் கேட்டிருப்பீர்கள். டெல்ஃபோர்டின் சமகாலத்தவர், அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். அடியில் பெரிய கல்லே வேண்டாம், சின்ன ஜல்லியை நெருக்கிப் போட்டுத் தண்ணீர் வடியவிட்டால் மண்ணே பாரம் தாங்கும் என்றார். செலவு குறைவு என்பதால் ஊருலகமெல்லாம் அவர் பக்கம் போயிற்று. நம் ஊரில் இரண்டையும் சேர்த்துவிட்டோம்: அடியில் சோலிங், மேலே 'வாட்டர் பவுண்ட் மெக்காடம்', அதாவது தண்ணீர் விட்டு இறுக்கிய ஜல்லி. என் தெருவில் இரண்டும் இல்லை. மண் மேலே தாரை ஊற்றிவிட்டுப் போனார்கள், முதல் மழையிலேயே குழி. அதைப் பேசினால் இரவு முடியாது.

வேல்ஸில் பார்க்க வேண்டியவை. பெட்டுஸ்-அ-கோய்டில் வாட்டர்லூ பாலம், வார்ப்பிரும்பு. வாட்டர்லூ போர் நடந்த அதே வருஷத்தில் கட்டியது என்று வளைவிலேயே பெரிய எழுத்தில் வார்த்திருக்கிறார்கள். ஆக்வென் ஏரி முனையில் டெல்ஃபோர்ட் பாலத்துக்குக் கீழே இறங்கிப் பார்த்தால், பொதி குதிரைகள் போன பழைய குட்டிப் பாலம் அப்படியே வயிற்றுக்குள் இருக்கிறது. வழியெல்லாம் ரோட்டோரச் சுவரில் திண்ணை மாதிரி உள்வாங்கிய இடங்கள் வரும். என் மகள் பஸ் நிறுத்தம் என்று நினைத்தாள். எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது: ரிப்பேருக்கு ஜல்லி குவித்து வைக்கும் இடம். நாங்கள் ரோட்டோரம் பெட்டி வைத்து அளந்து குவிப்போம். அவர் குவியலுக்குச் சுவரே கட்டி வைத்துவிட்டார்.

மெனாய் பாலம் கடைசி, ஆங்கிள்சி தீவுக்குப் போகும் கடல் இடுக்கின் மேல். அதற்கு முன்பு ஆங்கிள்சி தீவின் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப் போகிறவர்கள் கடலில் இறக்கி நீந்தவிட்டுத்தான் அக்கரை சேர்ப்பார்கள். பாய்மரக் கப்பல் அடியில் போக 100 அடி உயரம் விட வேண்டும் என்று கடற்படை சொன்னது. அதனால் தொங்கு பாலம். கோபுரத்துக்குக் கோபுரம் 579 அடி. 1825 ஏப்ரலில் முதல் சங்கிலியைத் தெப்பத்தில் கொண்டுவந்து, 150 பேர் குழலிசைக்குத் தகுந்தபடி சுற்றி நடந்து மேலே இழுத்தார்கள். 1826 ஜனவரி 30ல் திறந்தது. ரோடு முழுதும் சீரான பிறகு, லண்டனிலிருந்து ஹோலிஹெட்டுக்கு 45 மணி நேரம் எடுத்த தபால் வண்டி 27 மணி நேரத்தில் போயிற்று.


மாரத்தஹள்ளி கார்த்தி:

அருமை மேடம். நம்பர் விஷயத்தில் ஒரு சின்ன சேர்ப்பு: ஏ1 முதல் ஏ6 வரை லண்டனிலிருந்து கடிகார முள் திசையில் சுற்றி வரும், 7 முதல் 9 வரை எடின்பரோவிலிருந்து. ஏ5க்கும் ஏ6க்கும் நடுவில் உள்ள ரோடுகள் 5ல் தொடங்கும். அதனால்தான் ஏ5183, ஏ55 எல்லாம். நம் ஊரில் 2010க்குப் பிறகு வேறு கணக்கு. இரட்டைப் படை தெற்கு வடக்கு, ஒற்றைப் படை கிழக்கு மேற்கு. 75 ஒற்றை.

ஆனால் ஒரு கேள்வி. 1850ல் ராபர்ட் ஸ்டீபன்சன் மெனாயில் ரயில் பாலமும் கட்டிவிட்டார். 24 வருஷத்தில் ரோட்டின் கதை முடிந்துவிட்டதே? அவ்வளவு செலவு செய்தது வீண்தானே?


அல்சூர் ராஜி:

கார்த்தி, தபால் ரயிலுக்குப் போனது உண்மை. சத்திரங்கள் ஈயாடின. ஆங்கிள்சியில் சுங்கம் வசூலித்ததும் 1895ல் நின்றது, பிரிட்டனிலேயே கடைசியாக நின்ற பழைய சுங்கச் சாலைகளில் அது ஒன்று. ஆனால் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அரை நூற்றாண்டு தூங்கின ரோடு, கார் வந்ததும் எழுந்து உட்கார்ந்தது. குதிரை இளைக்கக் கூடாது என்று வைத்த ஏற்றம்தான் லாரிக்கும் சரியாக இருந்தது. ஆங்கிள்சியில் ஏ55 புது ரோடு 2001ல் திறக்கும் வரை டப்ளின் லாரியெல்லாம் டெல்ஃபோர்ட் ரோட்டில்தான் போனது. குதிரைக்குக் கணக்குப் போட்டவன் லாரிக்கும் சேர்த்துப் போட்டுவிட்டான். நான் போட்ட ரோடுகளில் 15 வருஷம் தாண்டியவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் பொறாமையும் உண்டு.


கே.ஆர்.புரம் சுந்தர்:

எல்லோருக்கும் நன்றி. இதை மில்டன் கீன்ஸிலிருந்து எழுதுகிறேன். போன சனிக்கிழமை போய்வந்தோம்.

வி4 போர்டு மகன் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். நாலு வருஷமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறானாம், ஏன் வாட்லிங் ஸ்ட்ரீட் என்று யோசித்ததில்லையாம். டௌசெஸ்டர் என்று எழுதியிருக்கும் ஊரை 'டோஸ்டர்' என்று சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எனக்குக் கற்றுக்கொடுத்தான்.

பாலா சொன்ன ட்ராக்டர் கோர்வென் தாண்டி வந்தது. ஆக்வென் ஏரியில் மழை. பாலத்துக்கு அடியில் இறங்க என் முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. மகன் இறங்கிப் போய்ப் படம் எடுத்து வந்தான். ராஜி மேடம், நீங்கள் சொன்ன மாதிரியே, பெரிய வளைவுக்குள் குட்டி வளைவு. திரும்பி வரும்போது சுவரில் ஜல்லித் திண்ணை ஒன்றில் காரை நிறுத்தி, மனைவி கட்டிக் கொடுத்த புளிசாதம் சாப்பிட்டோம்.

ஆங்கிள்சியில் லன்வைர்புல் என்ற ஊரில் பழைய சுங்கச்சாவடி இருக்கிறது, கட்டணப் பலகையோடு. கோச்சு இழுக்கும் குதிரைக்கு ஒரு ரேட், சும்மா வரும் குதிரைக்கு வேறு ரேட், ஆடு மாடு பன்றிக்கு இருபது இருபதாக எண்ணி ரேட். என் மனைவி முழுதும் படித்துவிட்டு, "நடந்து போறவங்களுக்கு எவ்வளவுன்னு போடலையே?" என்றாள். மகன் ஃபோனை எடுத்துத் தேடப் போனான். "நடந்து போனா காசு கிடையாது" என்று நானே சொன்னேன், அது இங்கே வருமுன் படித்து வைத்திருந்தது.